எல்லை அவர்களைத் தாண்டி வந்தது

டெக்சாஸ் மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டியில் எட்னா என்றொரு சிறிய ஊர். 1951-இல் அந்த ஊர் நீதிமன்ற வளாகத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றின் கதவில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அது யாருக்கு என்று ஊருக்கே தெரியும், எழுத வேண்டிய தேவை இல்லை. இன்னொன்றில் இரண்டு அறிவிப்புகள். ஒன்று ஆங்கிலத்தில்: 'கறுப்பின ஆண்கள்'. மற்றது ஸ்பானிய மொழியில்: 'ஓம்ப்ரெஸ் ஆக்கீ', அதாவது 'ஆண்கள் இங்கே'.

நீதிமன்றத்தின் உள்ளே பீட் ஹெர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளி மீது கொலை வழக்கு. தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவர்கூட இல்லை. அந்த ஜூரியில் மட்டுமல்ல, முந்தைய 25 ஆண்டுகளில் 6,000 பேருக்கு மேல் ஜூரிக்கு அழைக்கப்பட்டும் அவர்களில் ஒருவரும் இல்லை. இது பாகுபாடு என்றார்கள் ஹெர்னாண்டஸின் வழக்கறிஞர்கள். அரசுத் தரப்பு சொன்ன பதில் விசித்திரமானது: 'சட்டப்படி மெக்சிகோ வம்சாவளியினரும் வெள்ளையர்கள்தாம். ஜூரியில் இருந்தவர்களும் வெள்ளையர்கள். இதில் பாகுபாடு எங்கிருந்து வந்தது?'

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1954 மே 3 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக ஹெர்னாண்டஸின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அந்தக் கழிப்பறைக் கதவு தீர்ப்பின் வாசகத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் வெள்ளையர், கழிப்பறை வாசலில் வெள்ளையர் அல்லர். இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டால், இன்று அமெரிக்காவில் 'லத்தீனோ' என்று அழைக்கப்படுபவர்கள் யார் என்பது விளங்கத் தொடங்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். நூறு அமெரிக்கர்களை வரிசையில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 19 பேர். கலிஃபோர்னியாவில் மிகப் பெரிய மக்கள் குழுவே அவர்கள்தான்.

பெயருக்குள் யார் யார்?

லத்தீனோ என்பது ஒரு இனம் அல்ல. ஒரு மதமும் அல்ல, ஒரு நாட்டுப் பெயரும் அல்ல. மெக்சிகோ தொடங்கி அர்ஜென்டினாவரை, இடையில் கியூபா, டொமினிகன் குடியரசு, போர்ட்டோ ரிக்கோ போன்ற கரீபியன் தீவுகளையும் சேர்த்து, அந்த நிலப்பரப்பில் வேர் உள்ள அமெரிக்க வாழ் மக்களுக்கான பொதுப்பெயர். பெண்ணைக் குறிக்கும்போது லத்தீனா. தோல் நிறத்தைப் பார்த்து இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. டொமினிகன் குடும்பத்தைச் சேர்ந்த கறுப்பினத்தவர் லத்தீனோ, இத்தாலியப் பாட்டனைக் கொண்ட அர்ஜென்டினாக்காரரும் லத்தீனோ, வீட்டில் மாயன் மொழி பேசும் குவாத்தமாலாப் பெண்ணும் லத்தீனா.

'ஹிஸ்பானிக்' என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். அது ஸ்பானிய மொழியை வைத்து வந்த பெயர், லத்தீனோ நிலத்தை வைத்து வந்த பெயர். ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தவர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனோ அல்லர். பிரேசில்காரர் போர்ச்சுகீசியம் பேசுகிறவர். அவர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானிக் அல்லர். அன்றாடப் பேச்சில் பலர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை.

வடக்கே ஒரு காலத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக 'மதராசி' என்றார்கள் அல்லவா? லத்தீனோ என்ற சொல்லிலும் அந்த மாதிரியான ஒரு மொத்தக் கட்டு உண்டு. ஒரு பெரிய வேறுபாடு, இந்தப் பெயரை அவர்களே எடுத்து உடுத்திக்கொண்டார்கள். தென்மேற்கில் மெக்சிகோ வம்சாவளியினர், நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கர்கள், மியாமியில் கியூபர்கள் என்று தனித்தனியாக இருந்தவர்கள் 1970-களில் ஒரே பெயரின்கீழ் நின்றால்தான் எண்ணிக்கை தெரியும், எண்ணிக்கை தெரிந்தால்தான் பள்ளியும் வேலையும் வாக்கும் கேட்க முடியும் என்று கண்டார்கள்.

எண்ணுவதும் எளிதாக நடந்துவிடவில்லை. 1930 கணக்கெடுப்பில் 'மெக்சிகன்' என்பதை ஒரு தனி இனமாகவே பதிவு செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 1940-இல் அதை எடுத்துவிட்டு வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1970-இல் ஒரு பகுதிக் குடும்பங்களிடம் மட்டும் 'உங்கள் பூர்வீகம் மெக்சிகோவா, போர்ட்டோ ரிக்கோவா, கியூபாவா, மத்திய அல்லது தென் அமெரிக்காவா?' என்ற தொனியில் கேட்டார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் வாழ்ந்த பலர், தங்கள் மாநிலத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து அந்தக் கடைசிக் கட்டத்தில் குறியிட்டுவிட்டார்கள். 1976-இல் நாடாளுமன்றம் இதற்கென்றே சட்டம் இயற்றியது. 1980-இல்தான் முதன்முறையாக நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது. 'லத்தீனோ' என்ற சொல் அரசு விதியில் ஏறியது 1997-இல்.

வந்தவர்கள், இருந்தவர்கள்

'இவர்கள் எல்லாம் சமீபத்தில் எல்லை தாண்டி வந்தவர்கள்' என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும்.

ஆங்கிலேயர்கள் ஜேம்ஸ்டவுனில் குடியேறியது 1607-இல். மேஃப்ளவர் கப்பல் வந்தது 1620-இல். அமெரிக்க வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. ஆனால் ஸ்பானியர்கள் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை நிறுவியது 1565-இல். அது இன்றும் உயிரோடு இருக்கிற ஊர். இன்றைய நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகர் சான்டா ஃபே 1610 முதல் ஆட்சித் தலைநகராக இருந்துவருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரை 1781-இல் தொடங்கியவர்கள் 11 குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர். இந்த 44 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்க வேர் உள்ளவர்கள், மற்றவர்களில் பலர் பூர்வகுடியினர், கலப்பு வம்சத்தினர். ஐரோப்பியர்கள் கால்வைத்த இடங்களிலெல்லாம் பூர்வகுடி மக்கள் நிலம் இழந்ததும், கட்டாய உழைப்புக்கு ஆளானதும், நோயில் மடிந்ததும் இந்தக் கதையின் பகுதிதான். ஸ்பானிய ஆட்சி அதற்கு விலக்கல்ல. அந்த ஆட்சியின் பதிவு வரைபடத்தில் அப்படியே நிற்கிறது: நெவாடா என்றால் 'பனி போர்த்தியது', கொலராடோ என்றால் 'செந்நிறம்', லாஸ் வேகாஸ் என்றால் 'புல்வெளிகள்', எல் பாசோ என்றால் 'கணவாய்'.

1821-இல் மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் எல்லாம் அப்போது மெக்சிகோவின் நிலம். டெக்சாஸ் 1836-இல் பிரிந்து, 1845-இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. மறு ஆண்டே இரு நாடுகளுக்கும் போர். மெக்சிகோ தோற்றது. 1848 பிப்ரவரி 2 அன்று குவாதலூபே ஹிதால்கோ என்ற ஊரில் உடன்படிக்கை கையெழுத்தானது. டெக்சாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கும் மேல் இழந்தது. பதிலுக்குக் கிடைத்தது ஒன்றரைக் கோடி டாலர். கையெழுத்துக்கு ஒன்பது நாள் முன்புதான் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்திருந்தது. மேசையின் இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டியிருக்கவில்லை.

அந்த நிலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மெக்சிகோ மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. மெக்சிகோ குடிமகனாகவே தொடரலாம், ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அமெரிக்கக் குடிமகன். பெரும்பாலோர் தங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தோட்டமும் கிணறும் தேவாலயமும் தாத்தாவின் கல்லறையும் இருந்த இடத்திலேயே இருந்தன, நாடு மட்டும் மாறிப்போனது. இவர்களின் வழிவந்தவர்கள் பின்னாளில் ஒரு முழக்கம் எழுப்பினார்கள்: 'நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது.' நான் படித்த அரசியல் முழக்கங்களில் சொல்லுக்குச் சொல் உண்மையானது இது.

உடன்படிக்கை அவர்களின் சொத்துக்கு உறுதி தந்தது. நில மானியங்களைக் காக்கும் ஒரு பிரிவை அமெரிக்க செனட் அதிலிருந்து நீக்கிவிட்டது. 1851-இல் கலிஃபோர்னியாவுக்கு வந்த நிலச் சட்டம், 'உன் நிலம் உன்னுடையதுதான் என்று நீயே வந்து நிரூபி' என்றது. பழைய மானியப் பத்திரங்களில் எல்லையாக ஒரு ஓடை, ஒரு பாறை, ஒரு ஓக் மரம். வழக்கோ ஆங்கிலத்தில், ஆண்டுக்கணக்கில். வென்றவர்களும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் வரிக்கும் நிலத்தை விற்றார்கள்.

இரண்டாவது வழி போர்ட்டோ ரிக்கோ. 1898-இல் ஸ்பெயினைப் போரில் வென்ற அமெரிக்கா அந்தத் தீவை எடுத்துக்கொண்டது. 1917-இல் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆகவே போர்ட்டோ ரிக்கர் நியூயார்க்குக்கு வருவது வெளிநாட்டுக் குடியேற்றம் அல்ல, மதுரையிலிருந்து மும்பைக்குப் போவது மாதிரி. ஆனால் தீவில் இருக்கும்வரை அவர் அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. நாடாளுமன்றத்தில் அவருடைய பிரதிநிதிக்கு இறுதி வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. அதே மனிதர் விமானமேறி ஃபுளோரிடாவில் குடியேறி முகவரியைப் பதிந்தால் முழு வாக்குரிமையும் வந்துவிடும். போருக்கு அழைக்கப்பட்டபோது மட்டும் இந்த வேறுபாடு இல்லை. இன்று தீவில் இருப்பவர்களைவிட, அமெரிக்க மாநிலங்களில் வாழும் போர்ட்டோ ரிக்கர்கள்தாம் அதிகம்.

மூன்றாவது வழி வேலை. 'பிராசோ' என்றால் ஸ்பானிய மொழியில் கை. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் களத்துக்குப் போய்விட, வயலில் ஆளில்லை. 1942 ஆகஸ்டில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி வந்தவர்களுக்கு 'பிராசெரோ' என்று பெயர், கையால் உழைப்பவர். 1964-இல் திட்டம் முடிவதற்குள் சுமார் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் போடப்பட்டன. எல்லையில் அவர்களை வரிசையாக நிற்க வைத்து, முகத்திலும் உடம்பிலும் டி.டி.டி. பூச்சிமருந்துப் பொடியைத் தெளித்தார்கள். தொடக்க ஆண்டுகளில் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு சேமிப்பு என்று பிடிக்கப்பட்டது. பலருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. இதற்குப் பத்தாண்டு முன்புதான், 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில், மெக்சிகோ வம்சாவளியினரை லட்சக்கணக்கில் ரயிலேற்றித் தெற்கே அனுப்பியிருந்தார்கள். அவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கலிஃபோர்னியா மாநிலம் 2005-இல் சட்டம் இயற்றி இதற்கு மன்னிப்புக் கேட்டது. வேலை இருந்தால் வா, இல்லாவிட்டால் போ என்பது ஒரு தலைமுறைக்குள்ளேயே இரண்டு முறை நடந்திருக்கிறது.

நான்காவது, உயிர் பிழைக்க ஓடி வந்தவர்கள். 1959 புரட்சிக்குப் பின் கியூபர்கள் மியாமிக்கு வந்தார்கள். 1980-இல் மட்டும் மரியெல் துறைமுகத்திலிருந்து படகுகளில் சுமார் 1,25,000 பேர். எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர், குவாத்தமாலாவில் அதைவிட நீண்ட போர். எல் சால்வடோரின் இராணுவத்துக்கு அமெரிக்காவே ஆயுத உதவி செய்துகொண்டிருந்தது. அண்மையில் வெனிசுவேலாக்காரர்கள்.

இப்படி நான்கு வழி. அதனால்தான் ஒரு கியூபர் வாக்களிக்கும் விதமும் டெக்சாஸின் மெக்சிகோ வம்சாவளிக்காரர் வாக்களிக்கும் விதமும் ஒன்றாக இருப்பதில்லை.

கௌபாய் யாரிடம் கற்றான்?

அமெரிக்கா என்றதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வரும் ஓர் உருவம் கௌபாய். தமிழில்கூட ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறி வந்த படங்கள் உண்டு. அந்த உருவத்தின் உடலிலிருந்து ஒவ்வொரு பொருளாகக் கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு மெக்சிகோ மாடு மேய்ப்பர் இருப்பார். அவருக்கு 'வாக்கேரோ' என்று பெயர். 'வாக்கா' என்றால் பசு. இந்தச் சொல் ஆங்கிலேயர் வாயில் 'பக்கரூ' ஆனது. மாட்டைச் சுருக்குப் போட்டுப் பிடிக்கும் கயிறு 'லா ரியாத்தா', ஆங்கிலத்தில் லேரியட். சுருக்குக்கு 'லாசோ' என்ற சொல் அப்படியே நின்றுவிட்டது. முள்செடி கீறாமல் காலில் கட்டும் தோலுறை 'சப்பரேராஸ்', ஆங்கிலத்தில் சாப்ஸ். பண்ணை, 'ராஞ்சோ'. மாடுகளை வளைத்துக் கூட்டும் நாள், 'ரோடியோ'.

சொற்களைவிடத் தொழில்நுட்பம் முக்கியம். சேணத்தின் முன்பக்கம் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடுகிற காளையின் கொம்பில் சுருக்கு விழுந்ததும், கயிற்றின் மறுமுனையை அந்தக் குமிழில் சட்டென்று சுற்றிவிட வேண்டும். இழுப்பு முழுவதும் ஆள் கையில் விழாமல் குதிரையின் உடம்பில் விழும். சுற்றும்போது விரல் நடுவில் சிக்கினால் விரல் போய்விடும். 'சுற்று' என்று ஸ்பானிய மொழியில் சொன்னதுதான் இன்று அமெரிக்க மாட்டுப்பண்ணைகளில் 'டாலி' என்று வழங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து டெக்சாஸுக்கு வந்த வெள்ளை இளைஞர்கள் இந்த வேலையை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

நீரும் அப்படித்தான். நியூ மெக்சிகோவின் மலையடிவாரங்களில் 'அசேக்கியா' எனப்படும் பொதுக் கால்வாய்கள் சுமார் 700 இன்றும் ஓடுகின்றன. சொல் அரபியிலிருந்து ஸ்பெயினுக்கு வந்து, அங்கிருந்து கடல் தாண்டியது. ஊரார் தேர்ந்தெடுக்கும் 'மயோர்தோமோ' யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று முறை வைப்பார். வசந்த காலத்தில் நீர் விடுவதற்கு முன் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வந்து கால்வாயைத் தூர்வார வேண்டும், வர முடியாதவர் கூலியாளை அனுப்ப வேண்டும். குடிமராமத்து என்ற சொல் தெரிந்த நமக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் இருக்கும் பங்கு கண்ணுக்குத் தெரியாதது, எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலச் சட்டத்தில் திருமணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்குப் போய்விடும். ஸ்பானியச் சட்டமோ, திருமணத்துக்குப் பின் சேர்க்கும் சொத்து இருவருக்கும் பொது என்றது. கலிஃபோர்னியா 1849-இல் தன் முதல் அரசியல் சட்டத்தை எழுதியபோது மனைவியின் தனிச்சொத்துரிமையை அதில் ஏற்றியது; சட்டங்களை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளியிட வேண்டும் என்றும் எழுதியது. இன்று 9 மாநிலங்களில் இந்தப் பொதுச்சொத்து முறை இருக்கிறது. அவற்றில் 6 மாநிலங்கள் முன்பு ஸ்பானிய, மெக்சிகோ ஆட்சியில் இருந்தவை. கலிஃபோர்னியாவில் மணமுறிவு பெறும் ஒரு பெண் தன் பாதியைக் கேட்டு வாங்கும்போது அந்தப் பழைய சட்டம்தான் அவளுக்காகப் பேசுகிறது.

சுண்ணாம்பும் சோளமும்

உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் டாக்கோ, பரிட்டோ என்று பட்டியல் போட்டு நிறுத்திவிடுவார்கள். அடுப்புக்குள் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

டோர்டியா என்பது மக்காச்சோள ரொட்டி. காய்ந்த மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்துப் பிசைந்தால் மாவு பிடிக்காது, உதிர்ந்துவிடும். அதனால் சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் மெல்லக் கொதிக்கவிட்டு இரவு முழுவதும் ஊறப்போடுவார்கள். காலையில் கையால் தேய்த்துக் கழுவினால், ஊறிய உளுந்தின் தோல் கழன்று மிதப்பதுபோல் சோளத்தின் தோல் வழுக்கிக்கொண்டு வரும். இப்படிப் பக்குவப்பட்ட சோளத்துக்கு 'நிஷ்தமால்' என்று பெயர். மெக்சிகோவின் பூர்வகுடி மக்கள் கண்ட முறை, சொல்லும் அவர்களுடையதே. அதை மூன்று கால் வைத்த கல்லம்மியில் அரைத்தால் ஈரமான, மண்வாசம் போன்ற மணமுள்ள மாவு கிடைக்கும். உருட்டித் தட்டி, தோசைக்கல் மாதிரியான 'கொமால்' மீது போட்டால் ஒரு நிமிடத்தில் உப்பும்.

சுண்ணாம்பு மாவைப் பிடிக்க வைப்பதோடு நிற்கவில்லை. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடலில் சேராத வடிவத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சோளமாவே கதியென்று இருந்த ஏழைகள் பெல்லாக்ரா என்ற நோயில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு வந்து, புத்தி பேதலிக்கும் நோய். 1914-இல் அரசு அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று நிறுவப் பல ஆண்டுகள் போராடினார். குறைந்த வைட்டமின் எது என்று தெரிந்தது 1937-இல். டோர்டியா தின்று வளர்ந்த ஏழைகளின் வீட்டில் அந்த மருந்து சுண்ணாம்புப் பானையில் இருந்தது. அதைப் போய்க் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

குனிந்தே இருக்கச் சொன்ன கருவி

வாஷிங்டனில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு குட்டையான மண்வெட்டி இருக்கிறது. சீசர் சாவேஸ் என்ற தொழிற்சங்கத் தலைவரின் தந்தை பயன்படுத்தியது. நம்மூர்க் களைக்கொத்தைப் போன்றது. தொழிலாளர்கள் அதை 'எல் கொர்த்தீத்தோ' என்றார்கள், 'குட்டையன்' என்று பொருள்.

லெட்டூஸ் கீரையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் நெருக்கமாக முளைக்கும். ஒரு செடியை விட்டு அடுத்ததை வெட்டிக் கலைத்துக்கொண்டே போக வேண்டும். கைப்பிடி குட்டையாக இருப்பதால் இடுப்பை இரண்டாக மடித்துத்தான் வேலை செய்ய முடியும், சால் முடியும்வரை, நாள் முழுவதும். நீண்ட பிடி போட்டால் செடி சிதையும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். உண்மையான வசதி வேறு. குனிந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள், யாராவது நிமிர்ந்தால் தூரத்தில் நிற்கும் மேஸ்திரிக்கு உடனே தெரிந்துவிடும். நாற்பது வயதுக்குள் முதுகெலும்புத் தட்டுகள் தேய்ந்து போனவர்கள் எத்தனையோ பேர். மாரிஸ் ஜோர்டேன் என்ற வழக்கறிஞர் மருத்துவர்களைச் சாட்சியாக நிறுத்திப் பல ஆண்டுகள் வழக்காடினார். 1975-இல் கலிஃபோர்னியா அந்தக் கருவியைத் தடைசெய்தது. நீண்ட பிடி வந்தது. செடிகள் ஒன்றும் சிதையவில்லை.

இந்தப் போராட்டம் எழ ஒரு காரணம் சட்டத்தின் ஓட்டை. 1935-இல் அமெரிக்கத் தொழிலாளர்களுக்குச் சங்கம் சேரும் உரிமை தந்த சட்டம், பண்ணைத் தொழிலாளர்களை ஒதுக்கி வைத்தது. 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோ என்ற ஊரின் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொடங்கியவர்கள் பிலிப்பினோ தொழிலாளர்கள், லாரி இட்லியோங் தலைமையில். இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய, அதனால் அழுத்திச் சொல்கிறேன். எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 16 அன்று, சாவேஸும் டோலோரெஸ் ஹுவெர்ட்டாவும் நடத்திய மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் சங்கம் கைகோத்தது. ஒரு சமூகம் நிறுத்தினால் இன்னொரு சமூகத்தைக் கொண்டு அறுவடை செய்வது முதலாளிகளின் பழைய உத்தி. இம்முறை அது பலிக்கவில்லை. கேட்டதில் கூலி உயர்வோடு குடிக்க நீரும் வயலில் கழிப்பறையும் இருந்தன. காந்தியைப் படித்திருந்த சாவேஸ் 1968-இல் 25 நாள் உண்ணாநோன்பு இருந்தார். நாடு முழுவதும் மக்கள் கடைகளில் திராட்சை வாங்குவதை நிறுத்தினார்கள். 1970 ஜூலையில் டெலானோ பண்ணைகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐந்தாண்டுகள்!

அத்தை அழைத்துப்போன பள்ளிக்கூடம்

1944. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊர். கொன்சாலோ மெண்டெஸ், அவர் மனைவி ஃபெலிசிட்டாஸ். அவர் மெக்சிகோவில் பிறந்தவர், அந்த அம்மா போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். முனெமிட்சு என்ற ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்தின் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தைப் போர்க்காலத்தில் அரிசோனாவின் தடுப்பு முகாமில் அடைத்திருந்தார்கள்.

குழந்தைகளின் அத்தை சோலேதாத் விடாரி, தன் பிள்ளைகளையும் மெண்டெஸ் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனார். அத்தையின் பிள்ளைகள் வெளிர்நிறம், விடாரி என்ற பெயரும் மெக்சிகோப் பெயர் மாதிரி ஒலிக்கவில்லை. அவர்களுக்கு இடம் உண்டு என்றார்கள். 8 வயது சில்வியாவுக்கும் அவள் தம்பிகளுக்கும், 'மெண்டெஸா? மெக்சிகன் பள்ளிக்குப் போங்கள்' என்றார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வாசல். அத்தை யாரையும் சேர்க்காமல் எல்லோரையும் திரும்ப அழைத்து வந்துவிட்டார்.

1945 மார்ச்சில் மெண்டெஸும் வேறு நான்கு குடும்பங்களும் வழக்குத் தொடுத்தார்கள். கொன்சாலோ ஊர் ஊராகச் சாட்சி தேடி அலைந்தார், ஃபெலிசிட்டாஸ் பண்ணையைத் தனியே நடத்தினார். அவர்களின் வழக்கறிஞர் டேவிட் மார்க்கஸ் எடுத்த வாதம் எட்னாவின் முடிச்சைக் கத்தியாக்கியது. கலிஃபோர்னியச் சட்டம் பூர்வகுடியினர், சீனர், ஜப்பானியர் ஆகியோரின் பிள்ளைகளைத் தனிப்பள்ளியில் வைக்க அப்போது இடமளித்தது. மெக்சிகோ வம்சாவளியினர் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டப்படி அவர்கள் வெள்ளையர் என்றால், எந்தச் சட்டத்தை வைத்துப் பிரித்தீர்கள்? ஆங்கிலம் வராததால்தான் என்றது பள்ளி நிர்வாகம். நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகளையே மார்க்கஸ் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

1946 பிப்ரவரியில் மெண்டெஸ் தரப்பு வென்றது, 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் வென்றது. கறுப்பின மக்களுக்காக வழக்காடிக்கொண்டிருந்த தர்குட் மார்ஷலும் இந்த மேல்முறையீட்டில் மெண்டெஸுக்கு ஆதரவாக மனு அளித்தார். அந்த ஆண்டு ஜூனில் கலிஃபோர்னியா ஆளுநர் எர்ல் வாரன், மிச்சமிருந்த தனிப்பள்ளிச் சட்டங்களையும் நீக்கிக் கையெழுத்திட்டார். 1954-இல் அதே வாரன் நாட்டின் தலைமை நீதிபதி. மே 3 அன்று ஹெர்னாண்டஸ் தீர்ப்பு, மே 17 அன்று நாடு முழுவதும் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்த புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்பு, இரண்டையும் எழுதியவர் அவர்தான். இரண்டாவதை அமெரிக்கா முழுவதும் பாடமாகப் படிக்கிறார்கள். முதலாவதைச் சொன்னால் இன்றும் பலர் புருவம் உயர்த்துகிறார்கள். சில்வியா மெண்டெஸுக்கு 2011-இல் நாட்டின் உயரிய குடிமக்கள் விருது வழங்கப்பட்டது.

மற்றத் துறைகளிலும் லத்தீனோக்கள் உண்டு. ஓசோன் படலத்தைக் குளிர்சாதன வாயுக்கள் அரிக்கின்றன என்று கண்டறிந்து 1995-இல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான மரியோ மோலினா மெக்சிகோவில் பிறந்தவர். 1993-இல் விண்வெளிக்குப் போன எல்லென் ஒச்சோவா, 2009 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் சோனியா சொட்டோமயோர் என்று இந்தப் பெயர்களை நீட்டிக்கொண்டே போகலாம். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயை மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். 3,000 முறை பந்தை அடித்துக் களமேறிய அந்த ஆட்டக்காரர், நிலநடுக்கத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருட்களோடு தானே விமானத்தில் ஏறினார். 1972 டிசம்பர் 31 இரவு விமானம் கடலில் விழுந்தது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் மரபு மாதம். 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கி 1988-இல் மாதமானது. மாதத்தின் நடுவில் தொடங்குவது ஏன் என்று கேட்கலாம். செப்டம்பர் 15 குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் விடுதலை நாள். 16 மெக்சிகோவுக்கு, 18 சிலிக்கு.

கணக்கெடுப்புப் படிவத்தில் இதுவரை இரண்டு கேள்விகள் இருந்தன. முதலில் 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா?', அடுத்து 'உங்கள் இனம் எது?' இரண்டாவதில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஆசியர், பூர்வகுடியினர் என்ற கட்டங்களைப் பார்த்துவிட்டு, இதில் நான் எங்கே என்று தயங்கியவர்கள் கடைசியாக இருந்த 'வேறு இனம்' என்பதில் குறியிட்டார்கள். 2020-இல் அப்படிக் குறியிட்டவர்கள் 4 கோடியே 99 லட்சம் பேர், பெரும்பாலோர் லத்தீனோக்கள். வெள்ளையருக்கு அடுத்த பெரிய 'இனம்' அந்த வேறு இனம்தான். 2024 மார்ச்சில் அரசு விதியை மாற்றி, இரண்டையும் ஒரே கேள்வியாக்கியது. எத்தனை கட்டங்களில் வேண்டுமானாலும் குறியிடலாம். கறுப்பின லத்தீனோக்கள் சிலர், ஒரே கட்டத்தோடு நிறுத்திக்கொள்பவர்களால் தங்கள் எண்ணிக்கை குறைந்து தெரியுமோ என்று கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. புதிய வடிவத்தில் 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ' என்ற கட்டத்துக்குக் கீழே மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, எல் சால்வடோர், கியூபா, டொமினிகன் குடியரசு, குவாத்தமாலா என்று ஆறு ஊர்வழிகளுக்கு ஆறு சிறு கட்டங்கள். அவற்றில் இல்லாதவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுத, கடைசியில் ஒரு வெற்றுக்கோடு.